ஒற்றைக் கறுப்புக் கோடு: பழைய எம்எக்ஸ்-5 காரின் எல்எஸ்டியை அடையாளம் கண்டு மாற்றுவது

"எல்எஸ்டி" (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியை, வாங்கி, இரண்டு நாள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து மாட்டினேன். முதல் வளைவிலேயே உள்பக்கச் சக்கரம் கீச்சென்று தனியாகச் சுற்றியது. நான் கழற்றியது ஓப்பன், அதாவது அந்தக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண வகை; மாட்டியதும் ஓப்பன். ஹவுசிங்கின் (வெளிப்பெட்டியின்) மேல் யாரோ இழுத்திருந்த மஞ்சள் பெயின்ட் கோட்டை நம்பியதற்குக் கிடைத்த பலன் அது. அன்றிலிருந்து, பற்களைக் கண்ணால் பார்க்காமல் எந்த டிஃபரன்ஷியலுக்கும் நான் பெயர் வைப்பதில்லை.

கீழே இருப்பதெல்லாம் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை மனத்தில் வைத்து எழுதியது. பின்சக்கரங்களால் ஓடும் மற்றப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் அறிகுறிகள் ஏறத்தாழ இவைதான். அளவுகளும் போல்ட்டுகளும் மாறும்.

உள்ளே என்ன இருக்கக்கூடும்

1989 முதல் 1993 வரை வந்த 1.6 லிட்டர் கார்களில் 6 அங்குலக் கிரவுன் வீல் (பினியன் என்ற சிறு பற்சக்கரம் சுற்றிவிடும் பெரிய பற்சக்கரம்). அதில் ஓப்பன் இருக்கும், அல்லது பிசுபிசுப்பான திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் எல்எஸ்டி இருக்கும். பல் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று வர பினியன் சுற்ற வேண்டிய சுற்றுகள், 4.30. 1994-இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது கிரவுன் வீலும் 7 அங்குலமாக வளர்ந்தது. அதில் ஓப்பன் அல்லது பற்சக்கரங்களாலேயே வேலை செய்யும் டார்சன் எல்எஸ்டி. மேனுவல் கியர்பாக்ஸ் கார்களில் விகிதம் 4.10. டார்சனிலும் இரண்டு வகை: முதலில் டைப் 1, 1996 வாக்கில் டைப் 2. இரண்டாம் தலைமுறைக் கார்களின் 7 அங்குல டிஃபரன்ஷியல்களில் 4.30, 3.909 போன்ற விகிதங்களும் உண்டு. 2002-க்குப் பிறகு வந்த பலவற்றில் டார்சனுக்குப் பதிலாகக் கூம்பு வடிவக் கிளட்ச் கொண்ட வேறொரு எல்எஸ்டி வந்தது.

ஆண்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 1994-க்குப் பிறகும் சில நாடுகளில் 1.6 லிட்டர் கார் விற்றது. அதோடு இந்தக் கார்களுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இதற்குள் எத்தனை பேர் எதை எதைக் கழற்றி மாட்டினார்களோ. பதிவுச் சான்றில் உள்ள ஆண்டு காரின் உடம்புக்குத்தான் பொருந்தும், வயிற்றுக்குள் இருப்பதற்கு அல்ல. பிஎம்டபிள்யூவின் இ30 கார்களில் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் ஒரு தகடு தொங்கும். விகிதத்துக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் எல்எஸ்டி என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் அந்தத் தகட்டை வேறு எந்த மூடியிலும் மாட்டிவிடலாம்.

அறிகுறி 1: வளைவிலிருந்து வெளியேறும்போது உள்சக்கரம் மட்டும் சுற்றுகிறது

சாலையில் ஒற்றைக் கறுப்புக் கோடு விழும். எஞ்சின் அலறும், கார் நகராது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: டிஃபரன்ஷியல் ஓப்பன், விஸ்கஸாக இருந்து செத்துவிட்டது, அல்லது டார்சன்தான், ஆனால் உள்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டது.

மூன்றாவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. டார்சன் முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி. பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, அதன் சில மடங்கு வரை மற்றச் சக்கரத்துக்கு அனுப்பும். ஒரு சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கி, பெருக்கம் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், மற்றதற்கு 200 வரை போகும். சக்கரம் காற்றில் தொங்கினால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். அப்படி நேர்ந்தால் குறை டிஃபரன்ஷியலில் இல்லை. தடித்த ஆன்டி-ரோல் பார், நீளம் போதாத ஷாக் அப்சார்பர் என்று சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும்.

உள்ளே எந்த வகை இருக்கிறது என்று அறியக் காரைத் தூக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, இரண்டு ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். கைபிரேக்கை விடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரில் போடுங்கள். நியூட்ரலில் வைத்துச் சோதிப்பதுதான் பலருக்கும் வழக்கம். அதில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டு) சேர்ந்து சுற்ற வழி இருக்கிறது. குளிர்ந்த ஆயிலின் பிசுபிசுப்பே போதும், ஓப்பன் டிஃபரன்ஷியலிலும் எதிர்ச்சக்கரத்தை ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போய் உங்களை ஏமாற்றிவிடும். கியரில் போட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும், சக்கரங்கள் உண்மையைச் சொல்லும்.

இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எதிர்ச்சக்கரம் எதிர்த்திசையில் லகுவாகச் சுற்றினால், ஓப்பனாக இருக்கலாம். எதிர்த்திசையில்தான் சுற்றுகிறது, ஆனால் தேனுக்குள் கரண்டியைச் சுழற்றுவது போல இருக்கிறது, வேகமாகச் சுற்றினால் இன்னும் கெட்டியாகிறது என்றால், உயிரோடிருக்கும் விஸ்கஸ். இரண்டு கையால் பிடித்தும் அசைய மறுத்தால், கிளட்ச் தட்டுகள் கொண்ட எல்எஸ்டி. எம்எக்ஸ்-5 காரில் அப்படி இருந்தால் யாரோ பின்னர் வாங்கி மாட்டியது.

டார்சன்? அதுவும் எதிர்த்திசையில்தான் சுற்றும். கொஞ்சம் இழுவை தெரியும், விரல்களில் பற்கள் உரசும் உணர்வு வரும், அவ்வளவுதான். பெரும் பணம் கொடுத்து வாங்கிய டார்சனை ஓப்பன் என்று எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு, ஓப்பனை டார்சன் என்று எண்ணி மாட்டியவர்களும் உண்டு. செத்துப்போன விஸ்கஸும் இதே போலத்தான் சுற்றும். ஆகவே கைச்சோதனை விஸ்கஸையும் கிளட்ச் வகையையும் காட்டிக் கொடுக்கும், டார்சனைக் காட்டிக் கொடுக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடாதீர்கள். எல்எஸ்டி இருந்தால் தரையில் உள்ள சக்கரம் காரை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். எல்எஸ்டி இருக்கிறதா என்று தெரியாமல்தானே இந்தச் சோதனையே.

பற்களைப் பார்ப்பது

ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் தடிமனில் வளைந்து போகும் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது. கியரை நியூட்ரலுக்கு மாற்றி, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே திசையில் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே பற்சக்கரங்களைத் தாங்கும் கூடு சுழன்று ஒவ்வொரு பக்கமாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஓப்பன் என்றால் கூட்டில் பெரிய ஜன்னல் போன்ற திறப்பு, அதற்குள் கூம்பு வடிவ ஸ்டார் பினியன்கள், அவற்றின் நடுவே குறுக்கே ஓடும் பருத்த பின். ஒருமுறை பார்த்தால் மறக்காது. டார்சன் டைப் 1 என்றால் ஜன்னலுக்குள் ஜோடி ஜோடியாகச் சிறு உருளைப் பற்சக்கரங்கள், அச்சுக்குக் குறுக்கே படுத்திருக்கும். அவற்றின் இரு முனைகளிலும் நேர்ப்பற்கள், நடுவில் சாய்ந்த பற்கள். டைப் 2-இல் அவை அச்சுக்கு இணையாக, கூட்டின் குழிகளுக்குள் பென்சில்களை அடுக்கியது போலப் படுத்திருக்கும். விஸ்கஸ் என்றால் ஒரு பக்கத்தில் மூடிய வழவழப்பான டப்பா தெரியும். சிலிக்கோன் திரவம் அடைத்த அந்தப் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. டார்சனில் குறுக்குப் பின் கிடையவே கிடையாது. தனியாகக் கழற்றி விற்பனைக்கு வைத்திருக்கும் டிஃபரன்ஷியல் என்றால், ஆக்சில் நுழையும் துளை வழியாகவே இதைப் பார்த்துவிடலாம். நடுவில் குறுக்காகப் பின் தெரிந்தால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் அது டார்சன் அல்ல.

கூடவே விகிதத்தையும் எண்ணிவிடுங்கள். டார்சனாக இருந்தாலும் ஓப்பனாக இருந்தாலும் எளிய வழி ஒன்றுதான்: இரண்டு பக்க ஆக்சில்களையும் ஒன்றாக, ஒரே திசையில், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பினியன் ஃபிளேஞ்சில் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் தட்டில்) சாக்பீஸால் இட்ட கோடு எத்தனை சுற்று வந்தது என்று பாருங்கள். நான்கு சுற்று முடிந்து, கடிகார முகத்தில் ஒரு மணிக்குச் சற்றுத் தாண்டி நின்றால் 4.10. மூன்றரை மணிக்கு நின்றால் 4.30. ஐயமாக இருந்தால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள்; 41-க்கும் 43-க்கும் இடையில் குழப்பம் வராது. ஓப்பனில் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றினாலும் அதே கணக்கு வரும்.

அறிகுறி 2: ஊளைச் சத்தம்

முதலில் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் நின்றாலோ, அல்லது நேர்மாறாக நடந்தாலோ, கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, காரை இடம் வலமாக ஒடித்தால் மட்டும் மாறினால், அது சக்கர பேரிங், டிஃபரன்ஷியலைத் தொடாதீர்கள். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயர்.

என்னுடைய இன்னொரு கைவேலையைச் சொல்லிவிடுகிறேன். பினியன் ஆயில் சீலில் கசிவு இருந்தது. சீலை மாற்றினேன். பினியன் நட்டைத் திரும்ப மாட்டும்போது, நன்றாக இறுகட்டும் என்று ரெஞ்சில் ஒரு குழாயைச் செருகி இழுத்தேன். இறுகியது. அந்த நட்டுக்குப் பின்னால், இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே, நசுங்குவதற்கென்றே செய்த ஒரு ஸ்பேசர் இருக்கிறது. நட்டு எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு அது நசுங்கும், பேரிங்குகளின் அழுத்தம் ஏறும். நசுங்கியது மறுபடி நிமிராது. சில நூறு கிலோமீட்டரில் ஹவுசிங் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போனது, அதன் பிறகு பாட ஆரம்பித்தது.

பினியன் நட்டைத் தளர்த்துவதற்கு முன் நட்டு, ஷாஃப்ட், ஃபிளேஞ்ச் மூன்றின் மேலும் தொடர்ச்சியாக ஒரு கோடு கீறுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணுங்கள். திரும்ப மாட்டும்போது அதே கோட்டில் நிறுத்துங்கள். கோடு போட மறந்துவிட்டால், புது ஸ்பேசர் போட்டு முறைப்படி அளந்து இறுக்குவதே வழி.

இதே காரணத்துக்காகத்தான் டார்சனின் கூட்டை மட்டும் எடுத்து உங்கள் பழைய கிரவுன் வீலில் மாட்டும் யோசனையை நான் ஊக்குவிப்பதில்லை. பற்களுக்கிடையே விட வேண்டிய பேக்லாஷ் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. டயல் கேஜும் பொறுமையும் இந்த வேலையில் பழக்கமும் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் ஹவுசிங்கோடு முழுதாக மாற்றுங்கள். தொழிற்சாலையில் அமைத்த பொருத்தம் கலையாமல் வரும்.

அறிகுறி 3: கிளட்சை விடும்போது 'டொக்'

உடனே டிஃபரன்ஷியலைக் குற்றம் சொல்லாதீர்கள். பழைய காரில் இந்தச் சத்தத்துக்கு உரிமை கொண்டாடப் பலர் வரிசையில் நிற்கிறார்கள்: ஹவுசிங்கைத் தாங்கும் ரப்பர் புஷ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட், ஆக்சிலின் உள்ஜாயின்ட், தளர்ந்த ஹப் நட்டு. ஒருவர் காரில் உட்கார்ந்து கைபிரேக்கைப் போட்டுக்கொண்டு, கியரில் வைத்துக் கிளட்சை மெல்லத் தொட்டு விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்திலிருந்து பாருங்கள். ஹவுசிங்கின் மூக்கு கண்ணுக்குத் தெரிய எகிறினால் புஷ்தான்.

எல்லாம் சரியாக இருந்து, பினியன் ஃபிளேஞ்சைக் கையால் ஆட்டும்போது பெரிய ஆட்டம் தெரிந்தால் மட்டும் உள்ளே போங்கள். 6 அங்குல டிஃபரன்ஷியல் டர்போ பொருத்திய எஞ்சினின் அடியைத் தாங்காது என்பது இந்தக் காரை ஓட்டுபவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. எஞ்சினை வலுவாக்கும் எண்ணம் இருந்தால் அதைச் சரிசெய்து செலவழிக்காதீர்கள், 7 அங்குலத்துக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 4: மெதுவாகத் திருப்பும்போது அதிர்வும் முக்கலும்

நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நகரும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிர்ந்தால், கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டியில் தவறான ஆயில். அந்தத் தட்டுகளுக்கென்று உராய்வு மாற்றி சேர்த்த ஆயில் வேண்டும். ஆயிலை மாற்றி, காலி மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாகச் சில சுற்று ஓட்டினால் புது ஆயில் தட்டுகளுக்கிடையே ஏறும். டார்சனுக்கு இந்தச் சேர்மானம் வேண்டியதில்லை. அது வேலை செய்வதே பற்களின் உராய்வில்தான்.

திருப்பும்போது 'டக் டக்' என்று சக்கரத்தின் வேகத்தோடு ஒலித்தால் அது ஆக்சிலின் வெளிஜாயின்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கும்.

இன்னொன்று: பின்பக்கத்தில் இரண்டு டயர்களும் ஒரே அளவாகவும் ஒரே தேய்மானத்திலும் இருக்கட்டும். ஒன்று புதிது, ஒன்று வழுக்கை என்று ஓட்டினால் நேர்ச்சாலையிலும் எல்எஸ்டி ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். விஸ்கஸ் பெட்டிகள் சீக்கிரம் சாவதற்கு இதுவும் ஒரு வழி.

மாற்றுவது

1.8 காரில் ஓப்பனை எடுத்துவிட்டு டார்சன் போடுவது எளிது. ஹவுசிங், அதோடு டிஃபரன்ஷியலுக்குள் செருகும் இரண்டு ஸ்டப் ஷாஃப்ட்டுகள். டார்சனின் ஸ்டப் ஷாஃப்ட்டும் ஓப்பனின் ஸ்டப் ஷாஃப்ட்டும் ஒன்றல்ல. வாங்கும்போதே ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள், பிறகு தனியாகத் தேடினால் கண்ணில் படாது.

1.6 காரில் 7 அங்குலம் போடுவதென்றால் பட்டியல் நீளும்: 1.8-இன் ஹவுசிங், ஸ்டப் ஷாஃப்ட்டுகள், 1.8-இன் இரண்டு ஆக்சில்கள், 1.8-இன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அல்லது அதன் பின்முனை ஃபிளேஞ்ச். ஏனென்றால் பெரிய டிஃபரன்ஷியலின் ஃபிளேஞ்ச் பெரியது, பழைய ஷாஃப்ட்டின் துளைகள் அதில் சேராது. ஏபிஎஸ் உள்ள கார் என்றால் ஆக்சிலில் பல் வளையம் இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டம் இருக்கிறதே, பவர் பிளான்ட் ஃபிரேம் என்று மாஸ்டா பெயர் வைத்தது, அதை மாற்ற வேண்டியதில்லை.

வேலையின் முதல் காரியம் ஆயில் பிளக். வடிக்கும் பிளக் அல்ல, ஊற்றும் பிளக். அது கழல்கிறது என்று உறுதியான பிறகே வடிப்பதைத் தொடுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்றால், ஓடாத காரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புதிதாக வாங்கிய டிஃபரன்ஷியலில் இந்த இரண்டு பிளக்கையும் மேசை மேல் வைத்தே தளர்த்தி, சுத்தம் செய்து, ஆக்சில் ஆயில் சீல்கள் இரண்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள். மேசை மேல் பத்து நிமிட வேலை, காருக்கு அடியில் அரை நாள்.

அடுத்து சைலன்சர் குழாயை இறக்குங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்சும் டிஃபரன்ஷியல் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக் கழற்றுங்கள். ஆக்சில்களில் இரண்டு விதம் உண்டு: ஃபிளேஞ்சில் போல்ட் போட்டு நிற்பவை, டிஃபரன்ஷியலுக்குள் நேரே செருகிக் கிளிப்பில் நிற்பவை. இரண்டாவது விதத்தை நெம்பித்தான் எடுக்க வேண்டும். அப்போது நெம்புகோல் அலுமினியத்தின் மேல் அழுந்தாமல் நடுவே தட்டையான இரும்புத் துண்டு வையுங்கள். ஆக்சில் வெளியே வர இடம் வேண்டும். சஸ்பென்ஷனின் மேல்கையைக் கழற்றி ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்தால் இடம் கிடைக்கும். கீழே உள்ள நீண்ட போல்ட்டைத் தொடாதீர்கள். முப்பது ஆண்டுத் துருவில் அது புஷ்ஷின் உள்குழாயோடு ஒன்றாகிக் கிடக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

இப்போது அந்த அலுமினியச் சட்டம். எம்எக்ஸ்-5 காரில் கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்குவதற்கென்று தனி மவுன்ட் கிடையாது. இந்தச் சட்டம்தான் தாங்குகிறது. கழற்றினால் கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும், எஞ்சின் பின்னால் சாயும், குழாய்களும் ஒயர்களும் இழுபடும். ஆகவே கழற்றும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: காரின் அடியில் இருபுறச் சட்டங்களுக்கும் குறுக்காக ஒரு நேர்க்கோலைப் பிடித்து, அதிலிருந்து அலுமினியச் சட்டத்தின் கீழ்விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது.

சட்டம் டிஃபரன்ஷியலோடு இரண்டு நீண்ட போல்ட்டுகளில் நிற்கிறது. போல்ட் வந்துவிடும், அதைச் சூழ்ந்திருக்கும் ஸ்லீவ் வராது. எஃகும் அலுமினியமும் பல ஆண்டு ஒட்டியிருந்தால் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். முந்தின நாளே துரு தளர்த்தும் ஆயிலை அடித்து ஊறவையுங்கள். அடுத்த நாள் ஸ்லீவைப் பிடித்து இருபக்கமும் திருப்பித் திருப்பிக் கீழே இழுங்கள். சுத்தியலை எடுக்கத் தோன்றும். சட்டம் மெல்லிய அலுமினியம் என்பதை நினைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நான் மூன்று குடித்தேன்.

ஹவுசிங்கின் இரண்டு கைகளும் சப்ஃபிரேமில் ரப்பர் புஷ்ஷோடு நிற்கின்றன. அடியில் ஜாக்கி வைத்து, அந்த நட்டுகளைக் கழற்றினால் முழுதாக இறங்கும். எடை கைக்குத் தெரியும். தனியாகப் பிடித்து மார்பில் இறக்கிக்கொள்ளாதீர்கள்.

புதியதை ஏற்றும்போது எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மாட்டுங்கள், எதையும் இறுக்காதீர்கள். ஜாக்கியால் கியர்பாக்ஸின் உயரத்தைச் சரிசெய்து, எழுதி வைத்த எண்ணுக்கு அந்த நேர்க்கோல் அளவைக் கொண்டு வாருங்கள். பிறகு இறுக்குங்கள். சட்டத்தின் பெரிய போல்ட்டுகளுக்கு 104 முதல் 123 நியூட்டன் மீட்டர்; மற்றவற்றுக்கு உங்கள் காரின் பட்டறைக் கையேட்டைப் பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள சஸ்பென்ஷன் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

ஆக்சிலைச் செருகும்போது அதன் முனையிலுள்ள பல்வரிசை (ஸ்ப்லைன்) புது சீலின் உதட்டைக் கீறாமல், நேராக, தாங்கிப் பிடித்துச் செருகுங்கள். ஆயில் ஜிஎல்-5 தரம், 75டபிள்யூ-90. 6 அங்குலத்துக்கு 0.65 லிட்டர், 7 அங்குலத்துக்கு 1 லிட்டர். கார் சமதளத்தில் இருக்க, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள்.

மாற்றிய பிறகு வரும் அறிகுறிகள்

கியர் லிவர் வழக்கமான இடத்தில் இல்லை, சில கியர்களில், இருக்கைகளுக்கு நடுவே ஓடும் மேட்டின் (டிரான்ஸ்மிஷன் டனல்) விளிம்பை இடிக்கிறது: சட்டத்தின் உயரம் தவறு. அளந்து திரும்ப அமையுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இருக்கைக்கு அடியில் ரீங்கார அதிர்வு: இதுவும் பெரும்பாலும் உயரம்தான், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கும். உயரம் சரி என்றால் ஃபிளேஞ்ச் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வேறு காரின் ஷாஃப்ட்டைப் போட்டிருந்தால் பழைய கோட்டுக்கு அர்த்தமில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, ஃபிளேஞ்சைக் கால் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள்.

ஆக்சில் ஓரத்தில் ஆயில் ஈரம்: சீல் உதடு கிழிந்திருக்கலாம். அதற்கு முன் ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுப் போக்கியைப் பாருங்கள். அது மண் அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியேறும். ஹவுசிங் நெடுநாள் கிடங்கில் கிடந்ததென்றால் அதற்குள் குளவிக் கூடு இருந்தாலும் வியப்பதற்கில்லை.

ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுகிறது: இது பழுதல்ல. இந்தக் காரில் ஸ்பீடோமீட்டருக்குக் கணக்குக் கொடுப்பது கியர்பாக்ஸ், சக்கரம் அல்ல. 4.30 இருந்த இடத்தில் 4.10 போட்டால் அதே வேகத்துக்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் குறைவாகச் சுற்றும். மீட்டரில் 100 என்று தெரியும்போது நீங்கள் உண்மையில் 105-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கேமராவிடம் இந்த விளக்கம் செல்லாது. கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிளை ஓட்டும் சிறு பற்சக்கரத்தை விகிதத்துக்கு ஏற்ப மாற்றினால் சரியாகிவிடும்.

கார் முன்பைவிடச் சோம்பலாக இருக்கிறது: அதே 4.10-தான். 1.6 எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரிலும் ஏறத்தாழ 5 சதவீத இழுவை குறைந்துவிட்டது. வாங்கும் முன் என்னைக் கேட்டிருந்தால், இரண்டாம் தலைமுறைக் காரின் 4.30 விகித டார்சனைத் தேடச் சொல்லியிருப்பேன். இழுவையும் குறையாது, ஸ்பீடோமீட்டரையும் தொட வேண்டாம்.

நேர்ச்சாலையில் மெல்லிய ஊளை, முன்பு இல்லாதது: பழைய காரிலிருந்து வந்த டிஃபரன்ஷியல் அங்கேயே பாடிக்கொண்டிருந்ததா என்று யாருக்குத் தெரியும். முதல் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல நுண்பொடி ஒட்டியிருந்தால் பரவாயில்லை, துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி ஓட்டுங்கள். விரலில் நெருடும் செதில்கள் இருந்தால் பற்கள் உதிர்கின்றன. காரை மறுபடியும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.